குசினிப் புகையை அளந்தவர்கள்

போன மார்கழி மழையோடு உம்மாவுக்கு இருமல் கூடிவிட்டது. ராத்தா இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தா. நான்தான் விடைத்தாள் திருத்தம், பாடசாலைக் கூட்டம் என்று நாளைக் கடத்தினேன். கடைசியில் நெஞ்சு நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் ஊதச் சொன்னார்கள். உம்மா மூன்று தரம் ஊதினா. மூன்று தரமும் அந்த மிசின் காட்டிய கோடு மேலே ஏறாமல் சரிந்து படுத்துக்கொண்டது.

டாக்டர் கடதாசியைப் பார்த்தார். "வீட்டில ஆர் சிகரட் குடிக்கிற?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருஷம். அவரும் வெற்றிலையோடு நின்றவர். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு உம்மாவின் பக்கம் திரும்பி, "என்ன அடுப்பு?" என்றார்.

"விறகடுப்புத்தான்."

"எத்தனை வருசமா?"

உம்மா விரலை மடித்து எண்ணினா. "பத்து வயசில குந்தினது. இப்ப அறுபத்தெட்டு."

புகை குடிக்கிற ஆம்பிளைகளுக்கு வருகிற நாட்பட்ட சுவாசத் தடை நோய்தான் உம்மாவுக்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஓட்டோவில் உம்மா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "வாழ்நாள் முழுக்க ஊதுகுழல் ஊதின வாய் மகன். இப்ப ஊதச் சொன்னா காத்து இல்ல."

நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞானம் எனக்குத் தூரம். ஆனாலும் அன்றிரவிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். விளங்காத இடங்களில் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டேன். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவானது. அணை, அனல்மின் நிலையம், எண்ணெய்க் கப்பல் என்று எரிசக்தியைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழை வீட்டு அடுப்பையும் ஒரு எரிசக்திப் பிரச்சினையாகப் பார்த்த சில ஆய்வாளர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். குறுந்தொகையின் 167ஆம் பாட்டை நான் பல வருஷமாகப் படிப்பித்து வந்திருக்கிறேன். தயிர் பிசைந்த கையோடு, தாளித்த புகை கண்ணில் நிறைய, தானே சமைத்த குழம்பைக் கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்மையாக மலர்ந்த காட்சி. முல்லைத் திணை, இல்லறத்தின் இனிமை என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் புகை கண்ணோடு நிற்காது, நெஞ்சுக்குள்ளும் இறங்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு" என்ற பழமொழியைக் கண்டித்து எத்தனை மேடையில் பேசியிருப்பேன்! படிப்பு மறுக்கப்பட்டதை மட்டுமே பேசினேன். ஊதுவது என்ன செய்யும் என்பதை நான் பேசவில்லை, கேட்டிருந்தவர்களும் கேட்கவில்லை.

புகை என்பது என்ன? விறகில் இருப்பது பெரும்பாலும் காபன், ஐதரசன், ஒட்சிசன். முற்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் வீட்டு அடுப்பில் முற்றாக எரிவதில்லை. விறகு ஈரம்; காற்று ஒரு பக்கத்தால் மட்டும் போகிறது; சட்டியின் அடி சுவாலையைக் குளிரச் செய்கிறது. அரைகுறையாக எரிந்த மிச்சம்தான் புகை. காபனோரொட்சைட்டு, பென்சீன் போன்ற நச்சுகளோடு மிக நுண்ணிய துகள்களும் அதில் இருக்கின்றன. 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள் என்றால் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரும் சளியும் இதைத் தடுக்காது. நேராகச் சுவாசப்பையின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. விறகடுப்பு எரிகிற மூடிய குசினியில் சமையல் நேரத்தில் அது ஆயிரத்தையும் தாண்டும்.

கேஸ் அடுப்பில் ஏன் இந்தப் புகை இல்லை? வாயுவும் காற்றும் எரிவதற்கு முன்னமே நன்றாகக் கலந்துவிடுகின்றன. விறகு திண்மம், அது காற்றோடு கலப்பது கஷ்டம். ஆக, இதில் சமைக்கிறவளின் கைப்பக்குவத்துக்கு வேலை இல்லை. உம்மா எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் விறகு விறகுதான்.

இதை முதன்முதலில் முறையாக அளக்கப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். முதலில் ஹொனலுலுவிலுள்ள கிழக்கு - மேற்கு நிலையத்திலும், பிறகு கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலும் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் காற்று மாசு என்றால் எல்லோர் மனதிலும் வருவது தொழிற்சாலைக் கூண்டும் நகரத்து வாகனமும்தான். 1980களின் தொடக்கத்தில் ஸ்மித்தும் இரண்டு இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் மேல் சிறிய கருவிகளை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார்கள். 1983இல் அந்த ஆய்வு வெளிவந்தது. உலகத்தின் மிக அழுக்கான நகரங்களின் வீதிகளில் இருந்ததைவிடக் கூடுதலான துகள், வயல்வெளிக்கு நடுவே, சுத்தமான காற்று என்று நாம் நினைக்கிற கிராமத்தின் குசினிக்குள்ளே இருந்தது. ஒரு விறகடுப்பு ஒரு மணி நேரத்தில் விடுகிற புகை நானூறு சிகரட்டுக்குச் சமம் என்று ஸ்மித் பின்னாளில் ஒப்பிட்டுச் சொல்வார். டாக்டர் ஏன் முதலில் சிகரட்டைக் கேட்டார் என்பது அதை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கருவி எங்கே வைக்கப்பட்டது என்பது இங்கே முக்கியம். கூரையில் வைத்தால் ஊரின் சராசரி கிடைக்கும். பெண்ணின் மேல் மாட்டினால்தான் அவள் சுவாசிக்கிற காற்று தெரியும். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், ஹோலில் இருக்கிற ஆணுக்கும் குசினியில் இருக்கிற பெண்ணுக்கும் வேறு வேறு காற்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரண்ட் வந்தபோது ஹோலுக்கு டியூப் லைட், வெளிவிறாந்தைக்கு ஒரு பல்ப், வாப்பாவின் அறைக்குக் காற்றாடி. குசினிக்கு வயர் இழுக்கக் காசு காணாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நாலு வருஷம் உம்மா குப்பி விளக்கில் ஸஹருக்குச் சமைத்தா. காக்காவுக்கும் எனக்கும் டியூப் லைட்டுக்குக் கீழே படிப்பு நடந்தது. "மின்சாரம் பெற்ற வீடு" என்று எங்களை யாரோ ஒரு கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

கர்நாடகத்தின் அமுல்ய ரெட்டியை வாசித்தபோது இந்த ஞாபகம்தான் வந்தது. ரெட்டி மின் இரசாயன அறிஞர். பொக்ரிஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய மின் இரசாயன நூல் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடநூல். அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கலாம். 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் கிராமத் தொழில்நுட்பத்துக்கென 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கி, தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற சின்னக் கிராமத்துக்குப் போனார். அவரது குழு அங்கே வீடு வீடாகப் போய், எந்தச் சக்தி எதற்குச் செலவாகிறது என்று கணக்கெடுத்தது. மண்ணெண்ணெய், விறகு, மின்சாரம் மட்டுமல்ல. மனிதரின் உழைப்பு, மாட்டின் உழைப்பு எல்லாமே கணக்கில். மிகப் பெரிய பங்கு சமையலுக்குப் போனது. அதற்கு எரிந்தது விறகு. அந்த விறகைச் சுமந்து வந்ததில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய பங்கு.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாணத்திலிருந்து வாயு எடுத்து ஊர் முழுதும் சமையலுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அது சரிவரவில்லை, எல்லா வீட்டுக்கும் சமைக்கிற அளவுக்குச் சாணம் காணவில்லை. விட்டுவிட்டுப் போகாமல், உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று ஊராரைக் கேட்டார்கள். குடிதண்ணீர் என்றார்கள். அதே சாண வாயுவால் எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, குழாயில் கொடுத்து, வீடுகளுக்கு விளக்கும் போட்டார்கள். 1987இலிருந்து அது ஓடியது. சாணம் கொண்டு வருகிற வீட்டுக்கு எருவும் திரும்பக் கிடைத்தது, கூலியும் கிடைத்தது. சனங்களுக்கு வேண்டியது எரிசக்தி அல்ல, அது தருகிற சேவை என்பது ரெட்டியின் வாதம்: வெந்த சோறு, வெளிச்சம், தண்ணீர். எத்தனை மெகாவோற் உற்பத்தி என்று தொடங்கினால் ஏழை வீடு கடைசியில்தான் வரும். ஏழை வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தொடங்கினால் கணக்கே மாறிவிடும் என்றார். 2006இல் அவர் காலமானார்.

சரி, விறகை விட முடியாதென்றால் அடுப்பையாவது திருத்தலாமே? இந்த யோசனை எழுபதுகளிலிருந்து உலகம் முழுக்க ஓடியது. நம் நாட்டில் அதன் பெயர் அனகி. மண்ணால் ஒரே துண்டாகச் செய்த, இரண்டு சட்டி வைக்கிற அடுப்பு. எண்பதுகளில் பரவத் தொடங்கியது. இன்றும் சந்தையில் விலைக்கு வாங்கலாம். விறகு குறையும், முதல் சட்டியில் சோறு கொதிக்கும்போதே மற்றதில் கறி வேகும். குயவர்கள் செய்து கடைக்காரர்கள் விற்கிற பொருளாக அது நிலைத்துவிட்டது சின்ன வெற்றி அல்ல. ஆனால் அதற்குக் கூண்டு கிடையாது. விறகு மிச்சமாகும், புகை கொஞ்சம் குறையலாம், மிச்சம் குசினிக்குள்ளேதான்.

கூண்டு வைத்த அடுப்பு எப்படி? குவாத்தமாலாவின் மலைநாட்டில் ஸ்மித்தின் குழு ஒரு பெரிய சோதனை நடத்தியது. 534 வீடுகள். குலுக்கல் முறையில் பாதி வீட்டுக்குக் கூண்டு வைத்த அடுப்பு, மற்றப் பாதிக்குச் சோதனை முடிந்த பிறகு. குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறதா என்று ஒன்றரை வயது வரை பார்த்தார்கள். 2011இல் லான்செற் சஞ்சிகையில் முடிவு வந்தது. பிள்ளைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் நிமோனியா மொத்தமாகக் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பாதிப் புகை குறைந்தால் பாதி நோய் குறையும் என்று நாம் நினைப்போம்; உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. புகை மிகவும் தாழ்ந்த பிறகுதான் பெரும் பயன் தெரியத் தொடங்கும் என்பதே இதிலிருந்து ஸ்மித் எடுத்த பாடம்.

ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கல் கிரீன்ஸ்ரோன் மூவரும் செய்த கற்கை இன்னும் கசப்பானது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள், நான்கு வருஷத் தொடர் கண்காணிப்பு. கூண்டு அடுப்புக் கட்டிய முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அடுப்பு வெடித்தது, கூண்டில் கரி அடைத்தது, திருத்துவாரில்லை, பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். கடைசியில் நோயிலும் மாற்றமில்லை, விறகிலும் மிச்சமில்லை. இதை வாசிக்கிறபோது நமது கரையோர ஊர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். காத்தான்குடி, கல்முனைக்குடி, மாளிகைக்காடு போன்ற ஊர்களில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையில் ஆள் நுழைய இடமில்லை. எங்கள் வீட்டுக் கூண்டுப் புகை மச்சி வீட்டு ஜன்னலுக்குள் போகும், அவ்வளவுதான்.

இதனாலெல்லாம் ஸ்மித் தன் கடைசிப் பத்தாண்டுகளில் கருத்தை மாற்றிக்கொண்டார். முப்பது வருஷம் விறகடுப்பைத் திருத்தப் பாடுபட்டவர், கிடைக்கிற எரிபொருளைச் சுத்தமாக்குவதை விட்டுவிட்டு, சுத்தமான எரிபொருளைக் கிடைக்கச் செய்வோம் என்று எழுதினார். பணக்காரன் வீட்டில் கேஸும் கரண்டும், ஏழைக்கு மட்டும் 'மேம்படுத்தப்பட்ட' மண் அடுப்பா என்பது அதற்குள் இருக்கிற கேள்வி. தான் பாடுபட்ட வழி பிழைத்தது என்று ஒரு ஆய்வாளர் பகிரங்கமாகச் சொல்வது லேசான காரியமல்ல. 2020 ஜூனில் அவர் மறைந்தார்.

இந்தியாவில் 2015இல் வசதியுள்ளவர்கள் தங்கள் கேஸ் மானியத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் விட்டுக்கொடுத்தன. 2016 மே 1ஆம் திகதி உஜ்வலா திட்டம் தொடங்கி, ஏழைப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்புக் கொடுத்தார்கள். 2019க்குள் எட்டுக் கோடி இணைப்பு. அடுத்த பிரச்சினை உடனே வந்தது. அடுப்பும் முதல் சிலிண்டரும் வந்தன; இரண்டாவது சிலிண்டரை வாங்கக் காசில்லை. கேஸ் அடுப்பு மூலையில், விறகடுப்பு நடுவில். விருந்தாளி வந்தால் தேத்தண்ணி போட மட்டும் கேஸ்.

அப்போது எல்லா நாட்டிலும் சொல்லப்பட்ட பதில் ஒன்று: "நம்ம பொம்பிளைகள் விறகடுப்புப் பழக்கத்தை விடமாட்டார்கள், அந்த ருசி கேஸில் வராது." நானும் சொல்லியிருக்கிறேன். இதைச் சோதித்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே தமிழ்நாட்டுக் கிராமக் குசினிகளின் புகையை அளந்து வருபவர். ஸ்மித்தோடு நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்தவர். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்கு 800 கர்ப்பிணிகள் வீதம் சேர்த்து ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். இந்தியாவில் அது நடந்த இடம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு வேண்டிய கேஸும் இலவசம். வீட்டு வாசலுக்கே வரும். என்ன நடந்தது? அந்தப் பெண்கள் விறகைக் கிட்டத்தட்ட முழுதாகவே விட்டுவிட்டார்கள். பழக்கமும் ருசியும் எங்கே போனது? சிலிண்டர் தீரும் என்ற பயம் இல்லாதபோது விறகடுப்பைத் தேடி யாரும் போகவில்லை. புகைத்துகளும் 70 மைக்ரோகிராம் அளவிலிருந்து 24 அளவுக்கு இறங்கியது.

அந்தக் கற்கையின் மறுபக்கத்தை மறைத்து எழுதுவது நியாயமாகாது. பிறந்த குழந்தைகளின் நிறையில் வித்தியாசம் 20 கிராம் அளவுதான். புள்ளிவிபரப்படி அது ஒரு வித்தியாசமே அல்ல. 2022இல் இந்த முடிவு வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் மாற்றமில்லை என்று 2024இல் வந்தது. கர்ப்பத்தில் சில மாதம் கழிந்த பிறகு அடுப்பை மாற்றியது காணாதா, போஷாக்கின்மை புகையை மிஞ்சிவிட்டதா, அயல் வீட்டுப் புகையா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். கேஸ் கொடுத்தால் எல்லாம் சரி என்று பிரசாரம் செய்ய வசதியான முடிவல்ல இது. ஆனால் அறுபது வருஷம் புகை குடித்த என் உம்மாவின் நெஞ்சைப் பற்றிய கேள்விக்குப் பதினெட்டு மாதச் சோதனை பதில் சொல்லாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இனி நம்ம நாடு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலான வீடுகளில் சமையலுக்கு விறகு. அதன் பிறகு கேஸ் மெல்ல மெல்லப் பரவியது. எங்கள் வீட்டிலும் நான் ஆசிரியர் நியமனம் பெற்ற பிறகு ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். உம்மா நாலைந்து வருஷம் பழகியும் விட்டா. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ஆனது. அந்த வருஷக் கடைசியில் ஊர் ஊராக அடுப்பு வெடித்த செய்தி. 2022 ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபாய். அதுவும் வரிசையில் நாள்கணக்காக நின்றால்தான். அந்த நோன்பு மாதத்தில் உம்மா பழைய விறகடுப்பைச் சாணம் பூசி எடுத்தா. தென்னமட்டை, பொச்சு, சிரட்டை, உடைந்த கதவுப் பலகை எல்லாம் எரிந்தது. பெயின்ற் அடித்த பலகையை எரிக்கக் கூடாதென்று எனக்கே அப்போது தெரியாது. நான்தான் அதை வெட்டிக் கொடுத்தேன்.

மண்ணெண்ணெய் பக்கம் போனவர்களுக்கும் வழியில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340. எங்கள் கரைவலைக்காரர்களும் சின்ன எஞ்சின் போட்ட தோணிக்காரர்களும் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது.

கரண்ட் பில்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நியாயம் என்ற சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது. மாதம் 30 யூனிட் மட்டும் பாவிக்கிற ஏழை வீடு ஒன்றை எடுங்கள். 2022 ஓகஸ்டுக்கு முன் யூனிட் 2.50, நிலையான கட்டணம் 30. மொத்தம் 105 ரூபாய். ஓகஸ்டில் யூனிட் 8, நிலையான கட்டணம் 120, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிட் 30, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. அந்த இரண்டு தரமும் சராசரி உயர்வு 75 வீதம், 66 வீதம் என்றுதான் பத்திரிகையில் போட்டார்கள். சராசரி என்ற சொல்லுக்குள் அந்த 30 யூனிட் வீடு மறைந்துபோனது. அந்தக் கட்டணத்தை 2023 ஜூலையில் குறைத்தார்கள். அதற்குள் எத்தனை வீட்டில் கரண்ட் வெட்டுப்பட்டது!

30 யூனிட்டில் என்ன செய்யலாம்? 700 வோற் ரைஸ் குக்கரில் சோறாக்க நாற்பது நிமிடம் என்றால் கிட்டத்தட்ட அரை யூனிட். இரண்டு நேரம் சோறாக்கினால் மாதம் 28 யூனிட். விளக்குக்கும் போனுக்கும் மிச்சம் இரண்டு. ஆக, மலிவான படியில் நிற்க விரும்புகிற வீடு கரண்டில் சமைக்கவே முடியாது. விறகுக்குத்தான் போக வேண்டும். மலிவுப் படியை வகுத்தவர்கள் விளக்கை நினைத்து வகுத்தார்கள், சோற்றை நினைக்கவில்லை.

இன்னொன்று. யூனிட் படி மீற்றருக்குத்தான், தலைக்கு அல்ல. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குமே அந்த மலிவு விலை கிடைக்காது. நமது கிழக்கு முஸ்லிம் ஊர்களில் வீடு மகளுக்கு. உம்மாவும் வாப்பாவும் அதே வளவில். இன்னொரு மகளுக்கு வீடு கட்டி முடிகிற வரைக்கும் அவளும் மருமகனும் பிள்ளைகளும் அங்கேதான். ஒரு மீற்றரில் ஒன்பது பேர். கொழும்பில் தனியாக ஒரு பிளட்டில் இருக்கிற ஒருவர் 50 யூனிட் பாவித்தால் அவர் கணக்கில் 'ஏழை', ஒன்பது பேர் சேர்ந்து 120 பாவித்தால் அவர்கள் 'வசதியானவர்கள்'. யாரும் வேண்டுமென்று செய்த சதி இது என்று நான் சொல்லவரவில்லை. இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், சொல்லவில்லை.

'கணக்குப் பிழை' பற்றியும் இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள் என்று சொல்லி வைக்கிறேன். இங்கிலாந்தில் பிரெண்டா போர்ட்மன் 1991இல் எரிபொருள் வறுமை பற்றி நூலொன்று எழுதினார். வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் செலவழித்தால்தான் வீட்டைப் போதிய அளவு சூடாக வைக்கலாம் என்ற நிலையில் உள்ள குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்பது அவர் தந்த அளவுகோல். இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை; எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு ஹீற்றரைப் போடாமல் இருக்கிறவரின் பில் குறைவாகத்தான் இருக்கும்; அதனால் அவருக்குக் கஷ்டமில்லை என்று ஆகிவிடுமா? பயந்து பயந்து சுவிச்சை அணைக்கிற நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். உலக வங்கியின் எரிசக்திப் பிரிவினர் 2015இல் கொண்டு வந்தது மற்ற அளவுகோல். மின் இணைப்பு 'உண்டு, இல்லை' என்று கேட்பதை விட்டுவிட்டு, பூச்சியத்திலிருந்து ஐந்து வரை படி வைத்தார்கள்: எத்தனை மணி நேரம் வருகிறது, எவ்வளவு பாவிக்கலாம், வோல்டேஜ் நிற்கிறதா, கட்ட முடியுமா. நம் நாட்டில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் இணைப்பு இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். 2022 மார்ச் கடைசியில் நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டின நாட்களிலும் அந்தப் பெருமை கடதாசியில் அப்படியேதான் இருந்தது.

இந்த வருஷம் தரம் 10 பிள்ளைகளிடம் கட்டுரைப் பயிற்சிக்கு 'எங்கள் வீட்டுக் குசினி' என்று தலைப்புக் கொடுத்தேன். 34 பிள்ளைகளில் 19 பேர் வீட்டில் விறகும் கேஸும் இரண்டும். பெண் பிள்ளைகள் புகையை எழுதினார்கள். ஆண் பிள்ளைகள் இறைச்சியும் புட்டும் பற்றி எழுதினார்கள். ஒரே ஒரு பையன், ஸஹருக்கு எழும்பும்போது உம்மாவின் கண் சிவந்திருப்பது ஏன் என்று தான் இப்போதுதான் யோசிப்பதாக எழுதியிருந்தான். அவனுக்கு எழுத்துப் பிழைக்காகப் புள்ளி குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

உம்மாவின் குசினியில் இப்போது ரைஸ் குக்கர் இருக்கிறது. கறிக்குக் கேஸ், சிலிண்டருக்கு நானும் காக்காவும் மாறி மாறிக் கொடுக்கிறோம். மேசனைக் கூப்பிட்டு அடுப்புக்கு நேரே சுவரில் இரண்டடிக்கு வெட்டித் திறந்துவிட்டேன். உம்மா இன்ஹேலரை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறா, தீர்ந்துவிடும் என்று. போன வெள்ளிக்கிழமை நான் போனபோது விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "புட்டுக்கு மட்டுந்தான்" என்றா. பிறகு, வெட்டின ஓட்டையால் மழைத்தண்ணி அடிக்கிறது, அதற்கு ஒரு தகரம் வைத்துத் தா என்றா. தகரம் வாங்கி வைத்திருக்கிறேன். காற்றுப் போகவும் வேண்டும், மழை வராமலும் இருக்க வேண்டும். எந்தச் சரிவில் அடிப்பது என்று மேசனும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.